பீப்பாய் தீரும் வரை

தீவை விட்டு ஐராம் கிளம்பியது நவம்பர் முப்பதாம் தேதி, சான் ஆந்த்ரேஸ் திருநாளன்று. வடக்குச் சரிவு முழுக்கப் புது ஒயினைத் திறக்கிற நாள் அது. அன்றைக்குப் போய் யாராவது விமானம் ஏறுவார்களா என்று ஊரே கேட்டது. டிக்கெட் அன்றைக்குத்தான் மலிவாகக் கிடைத்தது என்றான் அவன். அவனை விமான நிலையத்தில் கொண்டு விடவேண்டிய, ஞானஸ்நானத்தில் அவனை ஏந்திய ஞானத்தகப்பன் எலாடியோ, சட்டியில் பன்றிக்கறித் துண்டுகள் பொரிந்து முடியும்வரை எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

"இந்த விமானம் போனா இன்னொண்ணு வரும். இந்தச் சட்டி போனா வருமா? உக்காருடா."

ஐராம் நின்றபடியே இரண்டு துண்டை வாயில் போட்டுக்கொண்டான். அவனுடைய அம்மா ஒப்துலியா அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. கண்ணில் புகை என்றார். காலிச் சிலிண்டர்கள் கடகடக்க, எலாடியோவின் கேஸ் லாரியிலேயே அவன் விமான நிலையம் போனான். வடக்கு ஜெர்மனியில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை கிடைத்திருந்தது.

"திராட்சைக் கொடிய யாராவது பாத்துக்கிட்டா நல்லாருக்கும், ஞானப்பா" என்றான் இறங்கும்போது.

"பாத்துக்கலாம், பாத்துக்கலாம்."

கையில் ஒரு பொட்டலம் பன்றிக்கறியைத் திணித்து அனுப்பினார். சோதனை வாசலில் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டபோது அவருக்கு வந்த துக்கம் உண்மையானது.

எலாடியோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தெனெரிஃபே தீவின் வடக்குச் சரிவில், லாரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற சந்துகளில், வீடு வீடாக ஆரஞ்சு நிறச் சிலிண்டர் போடுகிறார். ஒரு வீட்டின் சமையலை அவர் ருசி பார்த்து எடை போடுவதில்லை. சிலிண்டர் எத்தனை நாள் நிற்கிறது என்று பார்ப்பார். "அங்க போகாத. ரெண்டு மாசமா அதே சிலிண்டர். அடுப்பே பத்த வைக்காம சமைக்கிறவன் கையில என்ன ருசி இருக்கும்?" என்பார். சிலிண்டர் சீக்கிரம் தீர்கிற வீட்டின் முன்னால் லாரியை நிறுத்தும்போதே அவர் மூக்கு விரியும். விடியற்காலையிலிருந்து ஏதோ ஒன்று சின்னத் தீயில் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் அவர் மனதைப் பறிகொடுத்தது குவாச்சின்சேக்களிடம். ஓட்டல் என்று அவற்றைச் சொல்ல முடியாது. தங்கள் தோட்டத்து ஒயினை விற்றுத் தீர்ப்பதற்காகத் திராட்சைக்காரர்கள் வீட்டோடு திறந்து வைக்கிற சாப்பாட்டு இடம். கார் கொட்டகையோ ஆட்டுக் கொட்டிலோ, கூரை இருந்தால் போதும். சாலையோரம் ஓர் அட்டையில் அம்புக்குறி. இரண்டு மூன்று பதார்த்தம், ஒரே ஒயின், அதுவும் அந்த வீட்டுக் கொடியில் விளைந்ததாக மட்டுமே இருக்கவேண்டும். பீப்பாய் தீர்ந்த அன்று அட்டையை எடுத்துவிடுவார்கள். அடுத்த விளைச்சல் வரை யார் போய்த் தட்டினாலும் கதவு திறக்காது.

எனவே எலாடியோ சாப்பிடுவதற்குத் திட்டம் போடுகிறவர். சின்னப் பீப்பாய் முதலில், பெரிய பீப்பாய் பிறகு. ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவரின் மாடிப்படிக்கு அடியில் கொண்டைக்கடலைக் குழம்பு. மலைமேல் ஒரு கொட்டிலில் வறுத்த சோளமாவின் மேல் கொதிக்கிற சாற்றை ஊற்றிக் கிண்டிய களி. அதற்குக் கரண்டி தொடமாட்டார். சிவப்பு வெங்காயத்தை இதழ் இதழாகப் பிரித்து, ஒவ்வொரு இதழிலும் களியை அள்ளி, இதழோடு கடித்துத் தின்பார். ஒரு வீட்டில் ஒரு பதார்த்தம்தான். அங்கே வேறு எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

"எனக்காக ஒரு வேளையாவது இந்த வீட்டுல சாப்பிடக் கூடாதா" என்று அவர் மனைவி நியேவெஸ் ஆரம்பித்தால், "உன் பீப்பா தீராதே, ராசாத்தி" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார்.

எங்கே போனாலும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். கீழே அட்லாண்டிக் முழுவதும் விரிந்து கிடக்கும். அவர் பார்வை பீப்பாயில் இருக்கும். "கடல யாராலயும் குடிச்சுத் தீர்க்க முடியாது. பீப்பா அப்படியா?"

தெற்குக் கடற்கரை விடுதிகளிலிருந்து வாடகைக் காரில் ஏறி வருகிற வெளிநாட்டுக்காரர்கள், கேஸ் லாரிக்காரனுக்கு நல்ல சாப்பாட்டுக் கடை தெரியும் என்று யாரோ சொல்லிக் கேட்டு, அவரிடம்தான் வழி விசாரிப்பார்கள். தொப்பியைக் கழற்றி மரியாதையாகக் கீழே கை காட்டுவார். "துறைமுகத்துல நீலக்குடை போட்ட கடை. எங்க ஆளுங்க எல்லாம் அங்கதான் சாப்பிடுவோம்."

அவர் அந்தக் கடைக்குள் கால் வைத்ததே இல்லை. பக்கத்தில் நிற்கிற சிந்தோ, சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் சும்மா இருக்காதவர், தலையை ஆட்டி ஒத்து ஊதுவார். "போன வாரம்கூட இவரு அங்க மூணு கல் இறாலு தின்னாரு. செரிக்காம தவிச்சாரு." கார் கீழே இறங்கியதும், "பாவம்யா அவங்க" என்பார்.

"என்ன பாவம்? கடலோரமா உக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டுச் சந்தோஷமாப் போவாங்க. நமக்கு ஒரு ஜக்கு மிச்சம்."

இத்தனை இடத்திலும் அவருக்கு மேலானது ஒப்துலியாவின் கார் கொட்டகை. ஞானத்தகப்பன் உறவில் அவர்கள் ஒருவரை ஒருவர் கோம்பாத்ரே, கோமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அங்கே இருந்தது ஒரே பீப்பாய். அந்த ஒயினில் மழை பட்ட எரிமலைக் கல்லின் வாசனை லேசாக அடிக்கும். நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு தங்கி, அடுத்த பன்றிக்கறித் துண்டைக் கேட்கும். பீப்பாய் திறக்கிற நாளில் முதல் கோப்பை எலாடியோவுக்கு. அவர் குடித்து, "ம்" என்ற பிறகே மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். யார் எப்போது ஏற்படுத்திய வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு அது பதவி.

இந்தப் பள்ளத்தாக்கில் கொடியைப் பந்தலில் படரவிடுவதில்லை. பெண்பிள்ளைக்குச் சடை போடுவதுபோல நீளமாகப் பின்னி, கவைக்கம்புகளில் தாங்கி வைப்பார்கள். ஒருவர் பின்னும்போது இன்னொருவர் கம்பைப் பிடிக்கவேண்டும். ஒப்துலியாவுக்கு வலது தோள் தூக்க வராது. ஐராம் போன பிறகு வந்த ஜனவரியில், சிலிண்டர் போட வந்த எலாடியோ, கொடி அவிழ்ந்து தரையில் புரள்வதைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழம வந்து ஒரு கை பிடிக்கிறேன், கோமாத்ரே."

சத்தியமாக வர நினைத்தார். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்காவது ஒரு சின்னப் பீப்பாய் கடைசி மூச்சில் இருந்தது. வெட்டவேண்டிய பருவம் போனது. வசந்தத்து ஈரத்தில் இலைகளில் சாம்பல் நோய் படிந்தது. செப்டம்பரில் ஒப்துலியா பறித்தது குருவிகளுக்கே போதாது. தொலைபேசியில் மகனிடம் மட்டும் கொடி ஜோராக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இல்லையென்றால் அவன் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பான் என்ற பயம்.

அடுத்த சான் ஆந்த்ரேஸ் அன்று சாலையோரம் அட்டை தொங்கியது. எலாடியோவுக்கே ஆச்சரியம். கொட்டகை நிறைந்திருந்தது. ஒப்துலியா முதல் கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் மேசையைத் துடைத்தார்; ஏற்கெனவே துடைத்த மேசை.

எலாடியோ குடித்தார். கல்லும் இல்லை, கசப்பும் இல்லை. வெயில் சமவெளியில் விளைந்து, கப்பலில் கடல் தாண்டி வந்த தித்திப்பு. விலைக்கு வாங்கி ஊற்றிய ஒயின்.

இப்படிப்பட்ட சரக்கை ஊற்றுகிற இடங்கள் சரிவில் இல்லாமல் இல்லை. அப்படி ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அதிகாரிகள் வருவது பிறகு. அதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தச் சந்தில் திரும்புவதை நிறுத்திவிடுவார்கள். கொட்டகை முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒப்துலியாவின் கை மேசையின் ஒரே இடத்தில் நின்றிருந்தது.

"என்னய்யா, பூசை பண்ற பாதிரி மாதிரி கண்ண மூடிட்ட? சொல்லித் தொலை, நாக்கு வறளுது" என்றார் சிந்தோ.

எலாடியோ எழுந்து போய்ப் பீப்பாயை விரலால் தட்டினார். கழுத்து வரை நிறைந்த பீப்பாயின் மந்தமான ஓசை. திரும்பிவந்து உட்கார்ந்தார்.

"இந்த வருஷம் ரொம்பக் கொஞ்சம்பா. ஞாயித்துக்கிழம தாண்டாது. குடிக்கிறவன் இப்பவே குடிச்சுக்க" என்றார். பிறகுதான் "ம்" என்றார்.

ஒப்துலியா நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார் என்று சிந்தோ சொல்வார். அவர் எதையும் பெருக்கிச் சொல்லக்கூடியவர். "ஆமா, ஞாயித்துக்கிழம வரைக்கும்தான்" என்றார் ஒப்துலியா. ஜனங்கள் முண்டியடித்துக் குடித்தார்கள். தீரப்போகிற ஒயின் என்றால் எதுவும் ருசிதான்.

திங்கட்கிழமை அட்டையைக் காணவில்லை. அந்த வாரம் முழுக்க, லாரி அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம், சாக்கடையிலிருந்து புளித்த ஒயின் வாடை வந்தது. எலாடியோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார். கிறிஸ்துமஸுக்கு வந்த ஐராம், "அதுக்குள்ள தீந்துடுச்சா, ஞானப்பா?" என்று கேட்டான். "பறந்துடுச்சுடா" என்றார். பையன் மகிழ்ச்சியோடு திரும்பிப் போனான்.

ஜனவரியில் எலாடியோ கொடி வெட்டுகிற கத்தரி ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொண்டு, எந்தப் பீப்பாயையும் நினைக்காமல், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் நின்றார். கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியே குரல் மட்டும் வந்தது.

"நீங்க சாப்பிடறவரு. போய்ச் சாப்பிடற வேலையப் பாருங்க."

கோம்பாத்ரே என்றுகூடச் சொல்லவில்லை. தான் செய்தது உதவியா அவமானமா என்று அவருக்கு விளங்கவில்லை. ஒப்துலியாவுக்கு இருப்பது குட்டு வெளிப்பட்டதே என்ற வெட்கமா, வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தான் வராமல் போனதில் கோபமா என்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒப்துலியா காலிச் சிலிண்டரை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அதுவும் எப்போதாவதுதான். முன்பெல்லாம் சிலிண்டர் விழுங்கிக்கொண்டிருந்த வீட்டில் ஒரு சிலிண்டர் குளிர்காலம் பூராவும் நின்றது. ஒற்றை ஆளுக்கு முட்டை பொரிக்கிற அடுப்பு. எலாடியோ புதுச் சிலிண்டரைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டு, லாரியைத் தள்ளி நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்து போவார்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. சரிவு முழுக்க வழக்கம்போலச் சுற்றினார். ஆனால் பன்றிக்கறியை எந்த வீட்டிலும் கேட்கவில்லை. "அது எனக்கு ஒத்துக்கல" என்றார். நியேவெஸ் மட்டும் சிரித்தார்.

மூன்று வருடம் கழித்து, ஒரு சான் ஆந்த்ரேஸ் அன்று மதியம், பஸ் ஓட்டுநரின் மாடிப்படிக்கு அடியில் எலாடியோ பாதிச் சாப்பாட்டில் இருந்தார். மிளகாயும் பூண்டும் மிதக்கிற கொண்டைக்கடலை, பக்கத்தில் அந்த வீட்டு ஒயின். கைபேசி அதிர்ந்தது. குரல் செய்தி. எண்ணைப் பார்த்துவிட்டு, சத்தத்தைக் குறைத்துக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"கோம்பாத்ரே, ஒப்துலியா பேசறேன். தோளுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். போன ரெண்டு வருஷமும் சிந்தோ கம்பு பிடிச்சான். திட்டிக்கிட்டேதான் பிடிச்சான். யார்கிட்டயாவது சொன்னா பல்லப் புடுங்கிடுவேன்னு சொல்லி வெச்சிருந்தேன். பின்னுனது நான். ஒரு பீப்பா வந்திருக்கு. கொட்டகை நெறைய ஆளு உக்காந்திருக்காங்க, யாருக்கும் இன்னும் ஊத்தல. அன்னிக்கு நீங்க என் மானத்தக் காப்பாத்துனீங்க. அதுக்குத்தான் உங்கமேல இவ்வளவு கோவம், ஏன்னு கேக்காதீங்க. ஆனா இன்னிக்குப் பொய் சொல்லக் கூடாது. நல்லா இல்லன்னா எல்லார் முன்னாடியும் நல்லா இல்லன்னு சொல்லிடணும். வாங்க."

பின்னால் சிந்தோவின் குரல்: "எலாடியோ, என் கல்லறையில வந்து ஊத்தப் போறியா? கிளம்புய்யா!"

எலாடியோ அதை இன்னொரு முறை கேட்டார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, முற்றத்துக் குழாயடிக்குப் போனார். உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்து வாயைக் கொப்பளித்துத் துப்பினார். மறுபடியும் பிடித்து, தொண்டைவரை கொண்டுபோய்த் துப்பினார்.

"என் கொண்டைக்கடலையில என்னய்யா குறை கண்ட?" என்று உள்ளேயிருந்து பஸ் ஓட்டுநர் கத்தினார்.

எலாடியோ பூண்டும் அந்த வீட்டு ஒயினும் போகும்வரை விரலை விட்டு நாக்கைத் தேய்த்துவிட்டு, இன்னும் ஒரு கை தண்ணீர் பிடித்தார்.