அத்தான் வீட்டுத் தளபதி

யூனியன்வில்லில் என் அக்கா வீட்டு வாசற்கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது, எதிர்ச்சுவரில் மாட்டிய படத்தில், ஒரு பிரெஞ்சுக்காரனின் வயிறு. முகம், நீலக் கோட்டு, பவுடர் பூசிய பொய்முடி எல்லாம் அதற்குப் பிறகுதான். இருநூறு வருசத்துக்கும் முந்தி எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த கடற்படைத் தளபதி அவன். அவனைத் தன் பரம்பரையின் மூலவர் என்று சொல்லிக்கொள்பவர் என் அத்தான்.

அத்தானுக்குப் பூனைக்கண். ஆதாரம் அவ்வளவுதான்.

வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் தொடங்கிவிடுவார். தளபதி சிறு வயதிலேயே கப்பலேறியவராம். இரண்டு தரம் ஆங்கிலேயரிடம் பிடிபட்டும் அசராதவராம். எங்கள் பக்கத்துக் கடலில் ஒரே ஆங்கிலத் தளபதியோடு ஐந்து தரம் மோதியவராம். "அந்த ரத்தம்" என்று தன் கையைத் தட்டிக் காட்டுவார். வெக்ஸ்போர்ட்டில் வாடகை அபார்ட்மென்டில் இருக்கும் எனக்கு அந்த ரத்தம் இல்லை என்பதும் அந்தத் தட்டலில் அடக்கம்.

நானும் அந்த ஆளைப் பற்றி வாசித்துத்தான் இருக்கிறேன். துறைமுகத்தைப் பிடித்தான். கொஞ்சக் காலத்தில் ஐரோப்பாவில் சமாதானம் பேசி, அதை ஒல்லாந்தரிடம் தூக்கிக் கொடுத்தார்கள். ஊர்ச்சனத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனோ வீடு திரும்பி, பட்டமும் பதவியும் வாங்கி, நன்றாகச் சாப்பிட்டுச் செத்தான். இதில் எங்களுக்கு என்ன பெருமை?

அக்காவின் மகள் பிரெஞ்சு பேசும் ஒரு கியூபெக் பையனை விரும்பினாள். வேறு வெள்ளைக்காரன் என்றால் அத்தான் வீட்டை இரண்டாக்கியிருப்பார். இப்போதோ, "ரத்தம் ரத்தத்தைத் தேடிப் போகுது" என்று எல்லோருக்கும் போன் எடுத்துச் சொன்னார்.

சம்பந்தம் பேச வந்த பையனின் தகப்பன் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். அத்தான் அவரை நேரே படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மனிதர் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னார்: "நல்ல தளபதி. ஆனால் இவர் மால்டா தீவின் கத்தோலிக்க வீரர் சபையைச் சேர்ந்தவர். கல்யாணம் செய்வதில்லை என்று சத்தியம் செய்தவர். பிள்ளைகள் இருந்ததாக நான் எங்கும் படிக்கவில்லையே."

ரோல்ஸ் பலகாரத் தட்டோடு வந்த அக்கா அப்படியே நின்றாள். அத்தான் எங்கள் பக்கம் திரும்பி, வந்தவருக்கு விளங்காதபடி தமிழில் சொன்னார்: "உது சும்மா கதை. கடலில திரியிற ஆம்பிளை, கரையில ஒருத்தியும் இல்லாமலே இருந்திருப்பான்?"

அக்காவின் மகள், என் பெறாமகள், அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சோ, எங்கட ஊர்ப் பொம்பிளை ஒருத்தியை வச்சிருந்திட்டு விட்டிட்டுப் போட்டான். தட்ஸ் யுவர் ஸ்டோரி, அப்பா? அவளின்ர பேர் என்ன?"

"அது ஆருக்குத் தெரியும்? அது முக்கியமில்லை."

எனக்கு அருவருத்தது. அதுவரை அவரை ஒரு வீம்புக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வெள்ளைக்காரனின் வயிற்றுக்கு வாரிசாவதற்காகத் தன் பாட்டிமாரில் ஒருத்தியை, பெயர்கூட வேண்டாமென்று, கரையில் தள்ளிவிட இந்த மனிதருக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை.

பிறகு அந்தப் படத்தைக் கல்யாண அழைப்புக் கார்ட்டிலும் அடிக்கவேண்டும் என்று நின்றார். அக்கா ஒரே பேச்சில் முடித்தாள். "உது என்ர பிள்ளையின்ர கலியாணம். உந்தாளின்ர இல்லை." அத்தான் பேஸ்மென்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கார்ட் படமில்லாமல் வந்தது.

கார்ட் வந்த அன்று பெறாமகள்தான் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டாள். வழியில் கேட்டாள்: "சித்தி, அம்மா உந்தக் கதை தெரிஞ்சுதானே அப்பாவைக் கட்டினவ?"

"அப்ப உந்தப் பிரெஞ்சுக்காரன் எங்க இருந்தவன்? உந்தப் பெரிய வீடு வாங்கின பிறகுதான் அவன் பிறந்தவன்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் சிக்னலில் பச்சை விளக்கு எரிந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.