யாரும் இல்லை என்று ஒரு டிக்

கென்டக்கியின் மலையூர் ஒன்றில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள் வெர்லீன். சுரங்கத் தூசி கணவனைக் கொண்டுபோன பிறகு, சாயங்காலங்களில் தேவாலயத்தையும் கூட்டித் துடைத்தாள். யாரிடமும் கை நீட்டாதவள். மகள் கேரிஸும் அப்படியே. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.

கேரிஸ் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கட்டிய கட்டணத்துக்காகத் தாய்க்கு வரிச்சலுகை இரண்டாயிரம் டாலருக்கு மேல் வர வேண்டும். வந்தால்தான் கல்லூரிப் பாக்கி தீரும். தீர்ந்தால்தான் அடுத்த பருவத்துக்குப் பெயர் பதிய விடுவார்கள். நூலகத்தில் இலவசமாக வரிக்கணக்கு எழுதித் தரும் மார்சி, வெர்லீனின் கணக்கை அனுப்பிவைத்தாள். மறுநாளே வரித்துறை அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

"உங்க பொண்ணு தனியா கணக்கு அனுப்பியிருக்கு, வெர்லீன். தன்னை ஆதரிக்க யாரும் இல்லைன்னு டிக் போட்டிருக்கு. அது மாறாம உங்களுக்குச் சலுகை வராது."

"யாரும் இல்லையாமா? அப்ப நான் யாரு?"

கேரிஸுக்கு ஐஸ்கிரீம் கடையில் கிடைத்ததே சொற்பம். அதில் வரியாகப் பிடித்த எண்பது டாலரைத் திரும்பப் பெறக் கைபேசியிலேயே எழுதி அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை நூலகத்துக்கு வந்தவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"திமிர்ல போடல மம்மா. முட்டி வலியோட நீ படியேறுறதப் பாத்தேன். நான் தனின்னு எழுதினா உனக்கு ஒரு சுமை கொறையும்னு நெனச்சேன்."

"சுமைன்னு நான் என்னிக்காவது சொன்னேனாடி?"

வெர்லீனுக்குக் கோபத்தைவிட வலிதான் அதிகம்.

மார்சி திருத்தப் படிவத்தை நீட்டினாள். "எண்பது டாலர் உனக்குத்தான், அது எங்கயும் போகாது. டிக்க மட்டும் மாத்து. ஏன் மாத்துறேன்னு கீழ எழுதணும், ஒரு வரி போதும்."

பணம் ஜூலையில் வந்தது, கேரிஸ் பெயரும் பதிந்தாள், அதெல்லாம் பிறகு. அன்று அவள் ஒரு வரியோடு நிறுத்தவில்லை.

"நான் தவறாக எழுதிவிட்டேன். என் சாப்பாடு, துணி, வாடகை, புத்தகம் எல்லாம் என் அம்மா உழைத்துத் தந்தவை. அவர் இல்லாமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை."

வெர்லீன் அதை இரண்டு முறை படித்தாள். கணவனைப் புதைத்த அன்று பிறர் முன் அழாதவள், நூலகத்தில் அத்தனை பேர் பார்க்க அழுதாள்.