ஆளில்லாத ஆல்பம்

சித்தப்பா எடுக்கும் படங்களில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அது பெரிய குறை. தி. நகரில் எங்களுக்குப் பாத்திரக் கடை. தெற்கேயிருந்து வந்து கடை போட்ட எங்களுக்குப் போட்டோ என்றால் கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு. எல்லோரும் வரிசையாக நின்று கேமராவை முறைக்க வேண்டும். சித்தப்பாவோ மார்கழி பிறந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதால் அப்பாவும் விட்டுவிடுவார். தன்னைப் போலவே கேமராப் பைத்தியம் பிடித்த ஒரு கூட்டத்தோடு ரயில் ஏறுவார். ஒரு வருஷம் ராஜஸ்தான் மணல். இன்னொரு வருஷம் ஆந்திராவில் ஆறு அறுத்துப்போட்ட பாறைப் பள்ளத்தாக்கு. அடுத்து கன்னியாகுமரிப் பக்கம், அலை ஏறியடிக்கும் கரும்பாறைக் கரை.

"காசைக் குடுத்து வெயிலையும் கல்லையும் புடிச்சிட்டு வர்றான்" என்பார் அப்பா. அதை நேரே சொல்ல மாட்டார். அம்மாவிடம் சொல்வார், சித்தப்பா காதில் விழும்படி. தாத்தா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அப்பாதான். அப்பா முன்னால் சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

படங்களைப் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் செருகுவது எனக்கும் சித்தப்பாவுக்குமான வேலை. சரியான வெளிச்சத்துக்காகப் பாறைமேல் பட்டினியாகக் காத்திருந்த கதையெல்லாம் அப்போது சொல்வார். வெயில்தான் தினமும் வருகிறதே, அதற்குப் போய் ஏன் காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கேட்க மாட்டேன், அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் என்னைப் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். அங்கே ஓர் அக்கா வருவார். அவரும் அந்தக் கேமராக் கூட்டத்தில் ஒருவர், அடையாற்றில் வீடு. தாம்பாளம் அகலத்துக்கு ஓலைத்தொப்பி போட்டிருப்பார். எனக்குச் சுட்ட மக்காச்சோளம் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு இருவரும் பேச ஆரம்பிப்பார்கள். கேமராவைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நானும் நிம்மதியாகச் சோளம் தின்றேன்.

நான் இரண்டாம் வகுப்புப் படித்த வருஷம், தை பிறந்ததும் சித்தப்பாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கே.கே. நகரில் நகைக்கடை வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அல்வா, காரச்சேவு, காபி எல்லாம் ஆயிற்று.

"மாப்ள நல்லா போட்டோ எடுப்பாராமே" என்று பெண்ணின் அப்பா பேச்சுக்குக் கேட்டு வைத்தார்.

"அத ஏன் கேக்கீங்க, இந்தியா பூராவும் போயி எடுத்திருக்கான்" என்றார் அப்பா. வெயிலும் கல்லும் அந்த நிமிஷத்தில் பெருமையாகிவிட்டன. "பாப்பா, சித்தப்பா ஆல்பத்த எடுத்துட்டு வா."

"இப்ப எதுக்குண்ணே" என்று சித்தப்பா முனகுவதற்குள் நான் கொண்டுவந்துவிட்டேன்.

அவர்கள் புரட்டினார்கள். மணல். பாறை. கடல். மறுபடியும் மணல். எங்கள் வழக்கப்படி ஆல்பம் பார்ப்பது என்றால் இது யார், அது யார் என்று கேட்டு உறவு கண்டுபிடிப்பது. இதில் கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

"ஒண்ணுலயும் ஒரு மனுசனக் காணோமே. தம்பிக்குச் சாமியாராப் போற எண்ணம் ஏதும் இருக்கா?" என்றார் பெண்ணின் அம்மா. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

கல்யாணம் கெட்டுப்போகப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணம் நின்றால் எனக்குப் பட்டுப்பாவாடை கிடையாது. பாய்ந்து போய்ப் பக்கங்களைப் புரட்டி ஒரு படத்தில் விரலை வைத்தேன். "இதுல ஆள் இருக்கே. ரெண்டு பேரு."

சாயங்கால மணல். அதன்மேல் நீளமாக இரண்டு நிழல்கள். ஒன்று கேமராவைக் கண்ணில் வைத்திருந்தது. மற்றதன் தோளிலிருந்து ஏதோ காற்றில் பறந்துகொண்டிருந்தது.

பெண்ணின் அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"துப்பட்டால்லா அது" என்றார் பெண்ணின் அம்மா.

"யாருடே இது?" என்றார் அப்பா, குரலை உயர்த்தாமல்.

சித்தப்பா சுவரைப் பார்த்தார். "யாரோ கூட வந்தவங்கண்ணே. பேருகூட ஞாபகமில்ல."

எனக்குச் சித்தப்பா மேல் இரக்கமாகப் போய்விட்டது. அவருக்கு மறதி உண்டு. கடைச் சாவியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வருபவர். இந்த நேரத்தில் நான் உதவாவிட்டால் வேறு யார் உதவுவார்கள்?

"அந்த அக்காதான் சித்தப்பா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பீச்சுக்கு வருவாங்களே. தொப்பி தெரியுது பாருங்க" என்றேன்.

வீட்டில் கலந்து பேசிச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர்கள் எழுந்தார்கள். என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து அப்பாவின் குரல் மட்டும் கேட்டது. அந்த அக்கா மாதா கோயிலுக்குப் போகிறவர் என்று தெரிந்ததும் விஷயம் இன்னும் முற்றியது. அடுத்த மார்கழி வரை அப்பா தம்பியோடு பேசவில்லை. அந்த மார்கழியில் சித்தப்பா எங்கேயும் போகாமல் கடையிலேயே கிடந்தார். அதைத் தினமும் பார்த்து அப்பாவுக்கே பொறுக்கவில்லை. அவரே அடையாற்றுக்குப் போய்ப் பெண் கேட்டார். எனக்குப் பட்டுப்பாவாடை கிடைத்தது.

அதன்பிறகு வீட்டில் என் கொடிதான் பறந்தது. பாப்பா வாயைத் திறந்திருக்காவிட்டால் இந்தக் கல்யாணமே நடந்திருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். சித்தி வந்த புதிதில், குடும்பமே இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அன்றைக்கு நடந்ததை நடித்துக் காட்டச் சொன்னார்கள். நான் எழுந்து, சித்தப்பாவைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து, அவர் குரலிலேயே சொன்னேன்: "யாரோ கூட வந்தவங்கண்ணே. பேருகூட ஞாபகமில்ல."

அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. சித்தியும் சிரித்தார். பிறகு, "அப்படியா சொன்னாரு?" என்று என்னைக் கேட்டார். சித்தப்பா தலை நிமிராமல் ரசம் கேட்டார். சித்தி அதற்கப்புறம் சாப்பிடவில்லை, இலையில் சோற்றை ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.

நான் சரியாக நடிக்கவில்லை போலிருக்கிறது, அதனால்தான் சித்திக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். அவருக்கு முன்னால் போய் நின்று, இன்னொரு தடவை, இன்னும் நன்றாக நடித்துக் காட்டினேன்.