மடியில் வந்த தேனீப் பெட்டி

பாச்சா உருண்டை வாசனை... துவைத்த பிறகும் என் புடவையை விட்டுப் போகவில்லை.

திருப்பதியில் ஒரு கல்லூரி மியூசியத்தில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்த புதிது. கார்வேட்டிநகரத்தில் ஒரு பழைய பள்ளியை இடிக்கப் போகிறார்களாம். தேனீக்களையும் வண்டுகளையும் ஊசியில் குத்தி வைத்த மரப்பெட்டி ஒன்று அங்கே இருக்கிறதாம். எடுத்துவர என்னையும் சீனியர் ரேவதி அக்காவையும் அனுப்பினார்கள். அவ்வளவு பழைய தேனீக்கள் எங்களிடம் கிடையாது. காய்ந்து போனவை, அப்பளம் மாதிரி நொறுங்கும்.

ஜீப் கிடைக்கவில்லை. பஸ்தான்.

பாச்சா உருண்டை வாசனையடித்த பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா சும்மா இருக்கவில்லை.

"இன்னாம்மா பெட்டில? ஸ்வீட்டா?"

"தேனீங்கம்மா."

"அய்யய்யோ! மூடி தொறந்துக்கினா?"

"செத்துப்போனதுங்கம்மா. உங்க தாத்தா காலத்துலயே செத்துப்போச்சு."

"செத்ததையா மடியில வச்சிக்கினு போறீங்க? கர்மம்!"

எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார். எங்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

புத்தூருக்கு முன்னால் ஒரு பள்ளம். பஸ் தூக்கிப் போட்டதும் பெட்டிக்குள் கடகடவென்று ஒரு சத்தம்... எனக்கு உயிரே போய்விட்டது. அவ்வளவு சத்தம் என்றால், பெரிய வண்டு ஒன்று ஊசியோடு கழன்றிருக்க வேண்டும். அது உருண்டால் வழியில் இருக்கும் தேனீக்களின் காலும் சிறகும் காலி.

மூடியில் கை வைத்தேன்.

"தொறக்காதடி! காத்துல எல்லாம் போய்டும்." அக்கா பெட்டியை லேசாகத் தன் பக்கம் சாய்த்தார். "பெட்டி வாங்கும்போதே பாத்தேன், இந்த மூலைல ஒண்ணும் இல்ல. வண்டு இங்கயே கெடக்கட்டும். இப்டியே புடி."

திருப்பதி வரை அப்படியே பிடித்திருந்தேன். கை மரத்துப் போனது.

லேபில் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காதான் திறந்தார். வண்டு மூலையில் மல்லாந்து கிடந்தது. தேனீக்கள் அத்தனையும் வரிசையாக, முழுசாக, ஊர்ப்பெயர் எழுதிய துண்டுச் சீட்டோடு...

"அம்மாடி, பொழச்சோம்டி!" அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இப்போது அந்தத் தேனீக்களை போட்டோ எடுத்து நெட்டில் போட்டுவிட்டார்கள். எந்த ஊரில் இருப்பவரும் சிறகின் நரம்பு வரை பெரிதாக்கிப் பார்க்கலாம். யாரும் மடியில் சுமக்க வேண்டாம். நிம்மதிதான்... ஆனால் அப்படி ஒரு பயணமும் இனி யாருக்கும் வாய்க்காது.

ரிட்டயர் ஆகி நகரியில் இருக்கும் அக்காவுக்குப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சாயங்காலமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"ஒவ்வொண்ணா பெருசு பண்ணி பாத்துக்கினு இருந்தேன்டி. காலு எல்லாம் இருக்குது."