பஸ்ஸுக்குப் பின்னால் ஊற்றிய தண்ணீர்

1. காலையில் வந்த போன்

சென்னையிலிருந்து சார் கூப்பிட்டபோது மகனுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுச் சீரியல்களைத் தமிழில் டப்பிங் செய்யும் ஸ்டுடியோவை நடத்துபவர் அவர். ஏற்காடு மலையில், கொட்டச்சேட்டில் என் வீட்டில் உட்கார்ந்து அவருக்கு டயலாக் எழுதி அனுப்புவது என் வேலை.

"ஏம்மா, அந்த அம்மா பையனைச் சாவடிக்கப் போகுதா?"

"எந்த அம்மா சார்?"

"உன் துருக்கி அம்மாதான். பையன் வேலைக்குன்னு பஸ் ஏறிப் போறான். பின்னாடியே ஒரு சொம்புத் தண்ணியை ரோட்ல ஊத்துது. சேனல்காரங்க சேலத்துல கொஞ்சம் லேடீஸைக் கூப்பிட்டு முதல் எபிசோடைப் போட்டுக் காட்டியிருக்காங்க. அந்த சீனுக்கு அப்புறம் ஒருத்தரும் கதையைப் பாக்கல. பையன் எப்போ சாவான்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க."

"அந்த ஷாட்டை வெட்டிறலாமா சார்?"

"வெட்டக்கூடாதுன்னு அக்ரிமெண்ட். வெட்ட முடிஞ்சா உன்னை எதுக்குக் கூப்பிடறேன்? வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது பண்ணு. இல்லன்னா சேனல்காரங்க வேற நாட்டுச் சீரியலைப் பாத்துக்குவாங்க."

சேனல் போனால் என் வேலையும் போகும். கணவர் துபாயில் ஒரு ஓட்டல் சமையலறையில் இருக்கிறார். என் பெற்றோர் உயிரோடு இல்லை. இந்த வேலை நிலைக்காவிட்டால் நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்வது, ஹாஸ்டலில் தங்குவது, ஒரு வயது மகனைச் சேலத்தில் மாமியார் வைத்துக்கொள்வது என்று அவரும் கணவரும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். மாட்டேன் என்று சொல்ல, இந்த வேலையை விட்டால் என்னிடம் வேறு காரணம் இல்லை.

2. வாய் அசையாத இடம்

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு வருவது வீடியோவும் ஆங்கில ஸ்கிரிப்டும். திரையில் வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பார்த்து அதற்குள் அடங்குகிற மாதிரி தமிழ் எழுத வேண்டும். இதற்கு லிப் சிங்க் என்று பெயர். வாய் அசையாத இடத்தில் எங்களுக்கு வேலை கிடையாது. அந்தத் துருக்கி அம்மா தண்ணீர் ஊற்றும்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஸ்கிரிப்டிலும் ஒன்றும் இல்லை. நானும் அடுத்த டயலாக்குக்குப் போய்விட்டேன்.

தேடிப் பார்த்ததில் அது அங்கே ஆசீர்வாதம் என்று தெரிந்தது. கிளம்புகிறவர் தண்ணீர் மாதிரித் தடையில்லாமல் போய், தண்ணீர் மாதிரியே வந்து சேர வேண்டுமாம். நம் ஊரில் ஒருவர் போன பின்னாலேயே வாசலில் தண்ணீர் விட்டுக் கழுவுவது பிணம் எடுத்த பிறகுதான். ஒரே தண்ணீர், ஒரே வாசல். சேலத்துப் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு வழி இருந்தது. அந்த ஷாட்டில் அம்மாவின் முதுகுதான் தெரிகிறது. முதுகு காட்டும் இடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. ஒரு வரி நுழைக்கலாம், வாய் பொருந்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "தண்ணி மாதிரி போயிட்டு, தண்ணி மாதிரி திரும்பி வா" என்று எழுதினேன். வீட்டில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், சர்ச் கேட் வரை நடந்தால்தான் நன்றாகக் கிடைக்கும். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துபோய் அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. "தண்ணி எங்கம்மா திரும்பி வரும்? ஆத்தோட போனது போனதுதானே. நீ இன்னும் பயமுறுத்துறே."

அவர் சொன்னது சரி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், இது எனக்கே தோன்றியிருக்க வேண்டாமா என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அன்று வேறு யாரிடமும் பேசவில்லை. பேச ஆளும் இல்லை. லேப்டாப்பில் அந்த அம்மா திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றினாள்.

3. காயாத துணி

வியாழக்கிழமை மாமியார் பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு காலிப் பை.

"புள்ளயோட துணியெல்லாம் எடுத்து வெச்சா நான் முன்னாடியே கொண்டு போயிருவேன் கண்ணு. நீ ஓசூருக்குப் போறப்ப கை சுமையிருக்காது பாரு."

"இன்னும் முடிவாகலீங்க அத்தை."

"ஆவட்டும், ஆவட்டும். நான் ஒண்ணும் சொல்லலை. சேலத்துல அந்தப் பக்கத்து ரூமைக் காலி பண்ணி வெச்சுட்டேன். நொம்ப நாளா சாமானாப் போட்டுக் கெடந்துச்சு."

பேரனை மடியில் வைத்துக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றும் இடம் வந்ததும் அவன் கண்ணைக் கையால் மூடினார்.

"ஏங்கண்ணு, இவ என்ன பெத்தவளா, மாத்தாந்தாயா?"

"அவங்க ஊரு வழக்கமுங்க அத்தை. நல்லதுக்குத்தான் ஊத்தறாங்களாம்."

"நல்லா இருக்குது போ. பேசாம ஊத்தறா பாரு, அதான் பயமா இருக்குது. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன, முத்தா உதுந்துரும்?"

பிறகு எழுந்து துணிகளைத் தொட்டுப் பார்த்தார். ஒரு வாரமாகப் பனிமூட்டமும் மழையும். ஹாலில் குறுக்கே கட்டிய கயிற்றில் அவனுடைய சட்டைகளும் பனியன்களும் தொங்கிக்கொண்டிருந்தன.

"இந்த ஊர்ல எப்பத்தான் துணி காயும்? காஞ்சாத்தான மடிச்சு எடுத்துட்டுப் போவ முடியும்."

"நாளைக்குக் காஞ்சிருமுங்க" என்றேன்.

காயவே கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். ஈரமாக இருக்கும் வரை அந்தச் சட்டைகள் இந்த வீட்டில் இருக்கும். அவர் பேரனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனதும் லேப்டாப்பின் முன் உட்கார்ந்து ஒரு வரி எழுதினேன்.

"இந்த ஈரம் காயறதுக்குள்ள வந்துரு சாமி."

4. ரெண்டு நிமிஷம்

சர்ச் கேட்டுக்குப் போய் அனுப்பியதும் சார் போனில் சிரித்தார். "இங்க ரெண்டு நிமிஷத்துல காஞ்சிரும்மா. பையன் பஸ் ஸ்டாண்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான்."

மலையில் உட்கார்ந்து எழுதியதால் வந்த வினை என்று புரிந்தது. இங்கே ஈரம் காய நாள் கணக்காகும். கீழே அப்படி இல்லை. மாற்றித் தருகிறேன் என்று சொல்லப் போனேன். அதற்குள் அவரே பேசினார். "இரு, இரு. அம்மாக்காரி நியாயமாவா பேசுவா? வந்துருன்னுதானே சொல்றா. வாய்ஸ் ஆர்ட்டிஸ்டைப் பேச வெச்சுப் பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை அதே பெண்களுக்கு மறுபடி போட்டுக் காட்டினார்கள். தண்ணீர் ஊற்றும் இடத்தில் ஒரு பெண் மட்டும் "ஏன் ஊத்தறா?" என்று கேட்டாளாம். பக்கத்திலிருந்தவள், "வரச் சொல்றாடி, கேக்கலையா?" என்றாளாம். அவ்வளவுதான். சேனல் சீரியலை எடுத்துக்கொண்டது.

துணி காயட்டும் என்று தங்கியிருந்த மாமியாரிடம், ஓசூர் வேண்டாம் என்று சொன்னேன். கயிற்றில் தொங்கிய சட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு, "நல்லதுதான் கண்ணு. கெடைச்ச வேலைய உட்டுறாத" என்றார். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோர இடம் பிடித்து உட்கார்ந்தவர், காலிப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த ரூமை எனக்கு உதவுவதற்காக மட்டும் அவர் காலி செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேலத்து வீட்டில் அவரும் தனியாகத்தான் இருக்கிறார். அவருடைய மகன் துபாயில். இருந்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். என்ன நினைப்பாரோ என்று யோசிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

இந்த வேலையில் நான் கற்றது இதுதான். எழுதியதை அனுப்புவதற்கு முன் ஒருவருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். தனியாக எழுதுகிறவருக்குத் தன் வரி எப்போதும் சரியாகவே கேட்கும், அல்லது எப்போதும் தப்பாகவே கேட்கும். நான் இப்போது ஒவ்வொரு எபிசோடையும் சர்ச் கேட்டில் நின்று போனில் மாமியாருக்குப் படித்துக் காட்டுகிறேன். "ம்ம், ம்ம்" என்று கேட்டுக்கொள்கிறார். எப்போதாவது, "அந்த மருமவ நொம்பப் பேசறா, கொறைச்சுக்க" என்பார். அவர் காது முழுக்க என் இடுப்பில் இருக்கிறவன் போடும் சத்தத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவன் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுகிறேன். மெதுவாகப் படிக்கிறேன்.