கழனிச் சட்டையில் வந்த கன்னியம்மா

கீமோ வார்டில் ஊசி போடுவதைவிடப் பெரிய வேலை, நோயாளியின் உடையோடு மல்லுக்கட்டுவதுதான். புதிதாக நர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. அதனால் கன்னியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு அவர் வேப்பம்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வருவார். முதல் நாள் அரக்குப் பட்டுப்புடவை, கையைக் கவ்விப் பிடிக்கும் ஜாக்கெட், தலை நிறைய மல்லிகைப்பூ. கல்யாணத்துக்கா வந்தீர்கள் என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. மருந்து ஏற்றுவதற்காக அவருக்குத் தோள்பட்டைக்குக் கீழே, மார்புத் தோலுக்கடியில் ‘போர்ட்’ வைத்திருந்தார்கள். அதில் ஊசி குத்த வேண்டுமானால் ஜாக்கெட் கொக்கிகளைக் கழற்றியே ஆக வேண்டும். திரையை இழுத்துவிட்டுத்தான் கழற்றினேன். ஆனாலும் மருந்து ஏறி முடியும்வரை, முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்த கையை அவர் எடுக்கவே இல்லை. ஏசி குளிரில் வேறு வெடவெடத்தார்.

“அடுத்த தடவை முன்னாடி ஜிப் வச்ச நைட்டி போட்டுட்டு வாங்கம்மா. மேல துண்டு போட்டுக்கலாம். பூ வேணாம், அந்த வாசனையே குமட்டும்” என்றேன்.

“நைட்டியா? அத மாட்டிகினு ரயில் ஏற சொல்றியா? எங்க ஊரே அந்த வண்டிலதான் வேலைக்குப் போவுது. நான் வரல சிஸ்டர். செத்தாலும் மானத்தோட சாவுறேன்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “உயிர் பெருசா, நைட்டி பெருசா?”

“உனுக்கு இன்னா தெரியும்?” என்று எழுந்து போய்விட்டார்.

அவர் கணவர் ஏகாம்பரம் வாசலில் தயங்கி நின்றார். “அவ சொன்னா சொன்னதுதான் சிஸ்டர். இனிமே வர மாட்டா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதியில் நிறுத்தியவர்கள் பிறகு எந்த நிலையில் திரும்பி வருவார்கள் என்பதைப் பார்த்தவள் நான்.

“வீட்ல என்னதான் உடுத்துவாங்க?” என்றேன்.

“சேலைதான். கழனிக்குப் போக சொல்லோ மட்டும் மேல என் பழைய சட்டைய மாட்டிப்பா, நெல்லு சொணை பட்டு அரிக்காம கீறதுக்கு.”

“அதுல ஊர்க்காரங்க பாத்திருக்காங்களா?”

“ஊரே பாத்துகீது.”

“அப்போ அதையே போட்டுட்டு வரச் சொல்லுங்க.”

அடுத்த முறை அவருடைய கட்டில் வெகுநேரம் காலியாகக் கிடந்தது. வேலை ஓடவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்தார். சாதா நூல்சேலைக்குமேல் சாயம்போன, முழுக்கைக் கோடுபோட்ட சட்டை. மேலே இரண்டு பட்டன்களைத் திறந்தேன், ஊசி குத்தினேன், திரும்பப் பட்டனைப் போட்டேன். டியூப் மட்டும் இடைவெளி வழியாக வெளியே வந்தது. அவ்வளவுதான் வேலை!

“இன்னா அப்டி பாக்குற? வேலைக்கு வந்தா வேலைக்குப் போற சட்டைதான். கல்யாணத்துக்கா வந்துகீறேன்?” என்றார். இந்த முறை முந்தானையை இழுத்துப் பிடிக்கவில்லை, கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். பக்கத்துக் கட்டில் அம்மா தன் கணவருக்கு போன் போட்டு, பழைய சட்டை எடுத்து வரச் சொன்னார்.

அதற்குப் பிறகு யாரிடமும் இதைப் போடு, அதைப் போடு என்று நான் சொன்னதில்லை. உங்களுக்கு எதில் கூச்சமில்லை என்றுதான் முதலில் கேட்பேன். நீங்களும் அப்படிக் கேளுங்கள்.

சிகிச்சையெல்லாம் முடிந்து, போர்ட்டையும் எடுத்த பிறகு ஒருநாள் கன்னியம்மா வார்டுக்கு வந்தார். அதே அரக்குப் பட்டு, அதே ஜாக்கெட். முளைத்து வரும் குட்டை முடியில் எப்படியோ ஒரு துண்டு மல்லிகையைக் குத்தியிருந்தார்.

“இன்னா சிஸ்டர், இன்னிக்கி கொக்கிய கழட்ட வேணாம் இல்ல?”