நாங்கள் குப்புறக் கிடந்த படம்

அந்தப் படத்தில் இடமிருந்து மூன்றாவதாகக் குப்புறக் கிடப்பவள் நான். பக்கத்தில் கிடப்பது என் மச்சாள், என் கணவரின் தங்கை. அவவின் செருப்பு ஒன்று கழன்று தூரத்தில் கிடக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இந்தக் கொப்பியை எடுத்தேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு பக்கம் எழுத இரண்டு பின்னேரம் போகிறது. போகட்டும், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, இறக்கக்கண்டிக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஒரு பெரிய நாட்டின் கடற்படைக் கப்பல் முதன்முதல் துறைமுகத்துக்கு வந்தபோது பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தோம். அடுத்த முறை வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பெயின்ற் அடித்தார்கள். அதற்கடுத்த முறை கண் பார்த்துக் கண்ணாடி கொடுத்தார்கள். இதை எழுதும்போது என் மூக்கில் இருப்பது அந்தக் கண்ணாடிதான், குறை சொல்ல ஏலாது. பிறகு எங்கள் கடற்படையும் அவர்களும் சேர்ந்து கடலில் பயிற்சி செய்கிறார்கள் என்றார்கள். வருசத்துக்கு ஒரு தரம் இருந்தது இரண்டு தரமானது. இன்ன நாளில் இன்ன பக்கம் வலை போடக் கூடாது என்று அறிவித்தல் வரும். கப்பல் தெரிகிற நாட்களில் சந்தையில் மீன் விலை ஏறும். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்படி வந்த ஒரு முறை இரண்டு நாட்டு ஆட்களும் சேர்ந்து எங்கள் பாலர் பாடசாலைக்குப் புதுக் கட்டடம் கட்டித் தந்தார்கள். திறப்பு விழாவுக்கு அவர்களுடைய பெரிய அதிகாரி வருகிறார் என்று அரசாங்கக் கந்தோரில் இருந்து சொன்னார்கள். மாதர் சங்கத்தின் தலைவி நான். ஆலாத்தித் தட்டு என் கையில். எனக்கு இரண்டு பக்கமும் பெண்கள், வாசலில் நிறைகுடம், வீதியைப் பார்த்தபடி நின்றோம். வாகனத்தில் வருவார் என்றுதான் நினைத்தோம்.

முதலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. பிறகு கடல் பக்கத்தால் அந்தச் சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது மண். வாய் நிறைய மண். கட்டை விரல் இரண்டும் காதுக்குள், மற்ற விரல்கள் கண்ணின் மேல், வாய் ஆவென்று திறந்தபடி. சண்டைக்காலத்தில் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால் இப்படித்தான் விழுவோம். வாயைத் திறந்து வைத்தால் குண்டுச் சத்தத்துக்குக் காது கிழியாது என்று பழக்கியிருந்தார்கள். சண்டை முடிந்து எத்தனையோ வருசம். ஆனாலும் நான் விழுந்ததை நான் அறியவில்லை. என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தபோது வயது போன பெண்கள் எல்லோரும் கிடந்தோம். இளம் பிள்ளைகள் நின்றபடி போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வெட்டை வெளியில் இறங்கிய ஹெலியில் இருந்து அந்த அதிகாரி நடந்து வந்தார். எனக்கு முன்னால் வந்து நின்றார். சப்பாத்து மினுங்கியது. ஏன் கிடக்கிறீர்கள் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் இரண்டு கையையும் கூப்பி, குனிந்து, எங்களைக் கும்பிட்டார். பின்னால் வந்தவர்கள் கை தட்டினார்கள்.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, வேறு குங்குமத் தண்ணீர் கரைத்து, ஆலாத்தி எடுத்து முடித்தோம். வீட்டுக்கு மச்சாளோடு நடந்து போனேன்.

"உங்களை ஆர் என்ர சேலையைப் பிடிச்சு இழுக்கச் சொன்னது?" என்றா மச்சாள். "நான் தானாத்தானே விழுந்துகொண்டிருந்தனான்."

சிரித்தோம். சிரித்து விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

நாலாம் நாள் மச்சாள் பேப்பரைக் கொண்டுவந்தா. படத்தின் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'ஊர்ப் பெண்கள் நிலத்தில் விழுந்து வணங்கி வரவேற்றபோது.' கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தேன். அதேதான் இருந்தது.

"என்ர பின்பக்கம்தான் வடிவா விழுந்திருக்கு," என்றா மச்சாள். நான் சிரிக்கவில்லை.

சண்டைக்காலத்தில் என் மனுசனை ஒரு நாள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆமி முகாம் வாசலில் மற்றப் பெண்கள் அதிகாரியின் காலில் விழுந்து அழுதார்கள். நான் விழவில்லை. மூன்று நாள் அங்கேயே நின்றேன். அவரை விட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குப் பிறகு அவர் சொன்னார், "உள்ளுக்கை இருந்து கண்டனான். நீ நிண்டாய். அதுதான் எனக்கு அந்த மூண்டு நாளும் சாப்பாடு." சாகும் வரைக்கும் அதை எல்லோருக்கும் சொன்னார். என் தாய் தகப்பனுக்குப் பிறகு நான் எந்த மனிதரின் காலிலும் விழுந்ததில்லை. இப்போது அவர் இருந்து இந்தப் பேப்பரைப் பார்த்தால்?

அதோடு, கோயிலிலே கூடப் பெண்கள் நெஞ்சு நிலத்தில் பட விழுவதில்லை. முழந்தாளிட்டு நெற்றியால் நிலத்தைத் தொடுவோம், அவ்வளவுதான். பேப்பரில் எழுதியவருக்குத் தாய் இல்லையா? அவ கும்பிடுவதை ஒரு நாளும் அவர் பார்க்கவில்லையா?

"நான் பேப்பர்க் கந்தோருக்குப் போகப்போறன்," என்றேன்.

"போய் என்ன சொல்லுவியள்? கும்பிட விழேல்லை, பயத்தில விழுந்தனாங்கள் எண்டோ? அது இதைவிட வெக்கம்," என்றா மச்சாள்.

அது உண்மைதான். முகாம் வாசலில் நின்றவள், ஒரு ஹெலிச் சத்தத்துக்கு மண்ணைக் கவ்வினேன் என்று எந்த வாயால் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அதே வசனத்தோடு பாலர் பாடசாலைச் சுவரில் மாட்டினார்கள் என்று கேள்விப்பட்டும் பேசாமல் இருந்தேன்.

பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி கொடுப்பது எங்கள் சங்கத்தின் வேலை. என் முறை வந்தபோது வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"பிள்ளையள், அம்மம்மா வந்திருக்கிறா. வணக்கம் சொல்லுங்கோ," என்றா ரீச்சர்.

அத்தனை பிள்ளைகளும் தொப்பென்று குப்புற விழுந்தார்கள். நெஞ்சு நிலத்தில், முகம் சீமெந்தில். கஞ்சி வாளி கையிலேயே இருந்தது.

ரீச்சர் சிரித்தா. "ஆர் வந்தாலும் இப்பிடித்தான் அம்மா. படத்தைப் பாத்துப் பழகிட்டுதுகள்."

வாளியை வைத்துவிட்டுக் கிட்டக் கிடந்த ஒரு பெட்டைக் குஞ்சைத் தூக்கி நிறுத்தினேன். "ஏனம்மா விழுந்தனீ?"

"பெரிய ஆக்கள் வந்தா விழவேணும்," என்று சொல்லிச் சுவரைக் காட்டினாள். "நீங்களும் விழுந்தனீங்கள்தானே."

அந்தக் கஞ்சியை யார் வார்த்தது என்று எனக்கு இன்றைக்கும் நினைவில்லை.

"படத்தைக் கழட்டுங்கோ ரீச்சர்."

"அவை தந்த படம் அம்மா. அடுத்த மாசம் அந்தப் பெரிய அதிகாரி திரும்ப வாறார். கழட்டினா என்னட்டைத்தான் கேப்பினம்."

"அப்ப அவர் வரட்டும்," என்றேன்.

அவர் வந்தார். இந்த முறை வாகனத்தில். நான் படத்துக்குக் கீழே போய் நின்றேன். மொழிபெயர்க்கக் கந்தோரில் வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி வந்திருந்தாள். நான் ஒரு மாதமாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். நாங்கள் கும்பிடவில்லை, எங்கள் பெண்கள் அப்படிக் கும்பிடுவதில்லை, ஹெலிக்குப் பயந்து விழுந்தோம், இப்போது பிள்ளைகளும் விழுகிறார்கள், படத்தை எடுங்கள். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் இங்கிலிசில் நாலு சொல் சொன்னாள். அவர் சிரித்துக் கையைக் கூப்பினார்.

"பிள்ளை, நான் சொன்னதைச் சொன்னனியோ?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இண்டைக்கு அந்தக் கதை வேண்டாம் அம்மா. நீங்கள் எல்லாரும் சந்தோசமா இருக்கிறியள் எண்டு சொன்னனான்."

முதல் தரம் மண்ணில் கிடந்தபோது கூட எனக்கு அப்படி இருக்கவில்லை. என் வாயில் இருந்து போனது அவர் காதுக்குப் போகும் முன்னம் வேறாகிவிட்டது. எனக்கு இங்கிலிஸ் தெரியாது. ஆனால் உடம்பு இருந்தது.

கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினேன். "படபடபட" என்று சத்தம் போட்டேன். அவருக்கு என் கால் பக்கம் இருக்கும்படி திரும்பினேன். முழந்தாள் குத்தி, கையூன்றி, குப்புறப் படுத்தேன். விரலைக் காதுக்குள் வைத்தேன். வாயைத் திறந்தேன். சீமெந்து குளிர்ந்தது.

"கொஞ்சம் அங்கால அரக்கிப் படுங்கோ," என்றது பக்கத்தில் ஒரு குரல். மச்சாள். முழங்கால் வருத்தக்காரி, முனகிக்கொண்டே எனக்குப் பக்கத்தில் படுத்து, காதுக்குள் விரலை வைத்து, வாயைத் திறந்தா.

அப்போதுதான் அந்தப் பிள்ளை கதைக்கத் தொடங்கினாள். நீளமாகக் கதைத்தாள். இடையில் அவள் குரல் உடைந்தது. நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அந்த மனிதர் எங்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், திரும்ப எங்களைப் பார்த்தார். கிட்ட வந்து, எழும்ப உதவி செய்யக் கையை நீட்டினார். நான் பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். மச்சாள் அவருடைய கையைப் பிடித்துத்தான் எழும்பினா. அவவுக்கு வேறு வழி இல்லை.

அவர் படத்தைத் தானே கழற்றினார். கீழே என்ன எழுத வேண்டும் என்று கேட்கிறார் என்றாள் அந்தப் பிள்ளை.

"ஹெலிச் சத்தத்துக்குப் பயந்து விழுந்து கிடக்கினம் எண்டு எழுதச் சொல்லு."

"பயந்து எண்டோ, அம்மா?"

"ஓம். பயந்து எண்டு."

அவர் படத்தைக் கொண்டு போனார். மாற்றி எழுதி இன்னும் வரவில்லை. கப்பல் அதற்குப் பிறகு இரண்டு தரம் வந்து போய்விட்டது. அதுதான் நானே இந்தக் கொப்பியில் எழுதினேன்.